ரொட்டி காத்தவரும் ரொட்டி தின்றவரும்: ஆங்கிலத்தின் பழைய வேலைக்காரச் சொற்கள்

பழைய ஆங்கில நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் இருபது பக்கத்துக்குள் பட்லர், ஃபுட்மேன், வேலட், க்ரூம், ஸ்கல்லரி மெய்ட் என்று ஐந்தாறு பேர் கதவைத் திறப்பதும் தட்டு ஏந்துவதுமாக வந்து போவார்கள். அகராதியைப் புரட்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கும்: வேலைக்காரர். கல்லூரியில் படித்தபோது நானும் அப்படியே புரிந்துகொண்டு பக்கங்களைத் தள்ளினேன். அந்த வீட்டுக்குள் பட்லருக்கும் ஸ்கல்லரி மெய்டுக்கும் நடுவே தாசில்தாருக்கும் தலையாரிக்கும் உள்ள தூரம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தூரம் புரியாவிட்டால் கதையில் பாதி கைநழுவிப் போகும்.

இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இன்னொன்றும் தெரியவரும். ஆங்கிலத்தில் பெரிய பதவிகளுக்கு வழங்கும் பெயர்களும் மட்டமான வசவுகளும் பல நேரம் ஒரே வேலைக்காரர் கூடத்திலிருந்து கிளம்பியவை. எசமானனுக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பதைப் பொறுத்தே ஒரு சொல் ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். பழைய ஆங்கிலத்தில் ரொட்டிக்கு ‘ஹ்லாஃப்’ என்று பெயர். இன்றைய ‘லோஃப்’ அதுதான். வீட்டுத் தலைவன் ‘ஹ்லாஃப்வியர்ட்’, அதாவது ரொட்டியைக் காப்பவன். நாளாக ஆக அது தேய்ந்து ‘ஹ்லாஃபோர்ட்’ ஆகி, கடைசியில் ‘லார்ட்’ என்று நின்றது. அவன் வீட்டுத் தலைவி ‘ஹ்லாஃப்டியே’, ரொட்டி மாவு பிசைபவள். அவளே இன்றைய ‘லேடி’. அந்த வீட்டில் உழைத்து வயிறு கழுவியவனின் பெயர் ‘ஹ்லாஃபேட்டா’, ரொட்டி தின்பவன். கென்ட் பகுதியை ஆண்ட எத்தல்பெர்ட் மன்னர் 600ஆம் ஆண்டையொட்டி எழுதுவித்த சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது. ஆங்கில மொழியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சட்டம் அது. ஒரு குடியானவனுடைய ரொட்டி தின்பவனை எவனாவது கொன்றால் 6 ஷில்லிங் கட்ட வேண்டும் என்கிறது.

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம். சோறு போடுபவர் தலைவர், அதைத் தின்பவர் அவருடைய ஆள். பின்னாளில் லார்டும் லேடியும் ரொட்டி வாசனை துளியும் இல்லாத பட்டங்களாகிவிட்டார்கள். ரொட்டி தின்பவன் என்ற சொல்தான் வழக்கொழிந்து போனது.

அடுத்து இரண்டு பையன்கள். ‘நைட்’ என்றதும் கவசம் பூண்டு குதிரைமேல் வரும் வீரன்தான் நம் நினைவுக்கு வருவான். பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ என்றால் வெறும் பையன். பிறகு ஏவல் செய்யும் பையன். அந்தக் காலத்தில் முதலில் நிற்கும் ‘க்’ ஒலியையும் உச்சரித்தார்கள். இன்று எழுத்தில் மட்டும் தங்கிவிட்ட ஊமை எழுத்து அதன் தடயம். ‘நேவ்’ என்ற சொல்லின் மூலமான ‘க்னாஃபா’வும் பையன்தான். ஜெர்மன் மொழியில் இவற்றின் பங்காளிச் சொற்கள் பழைய பொருளை விட்டு அதிகம் நகரவில்லை: ‘க்னாபெ’ சிறுவன், ‘க்னெஹ்ட்’ பண்ணையாள். இங்கிலாந்திலோ ஒரு பையன் போருக்குப் போகும் தலைவனோடு கூடவே போனான்; இன்னொருவன் அடுப்படியோடும் கொல்லையோடும் நின்றான். முதலாமவனின் பெயர் அரசர் வாளால் தோளைத் தொட்டுக் கொடுக்கும் பட்டமானது. அடுத்தவனின் பெயர் போக்கிரி என்று ஆனது. சீட்டுக்கட்டில் ராஜா, ராணிக்கு அடுத்து வரும் ஜாக் அட்டைக்குப் பழைய பெயர் நேவ். அங்கே மட்டும் அவன் இன்னும் அரண்மனை ஏவலாளாகவே இருக்கிறான்.

ஏறிய சொற்களில் குதிரை லாயத்துக்குத் தனிப் பங்கு உண்டு. ‘மார்ஷல்’ என்ற சொல்லைப் பிரித்தால் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரை, வேலையாள் என்ற இரண்டு சொற்கள் கிடைக்கும். குதிரைக்காரன் என்ற பெயர்தான் இன்று ஏர் மார்ஷல் வரை பறக்கிறது. ‘கான்ஸ்டபிள்’ என்பது லத்தீனில் லாயத் தலைவன். பிரான்சில் அந்தப் பெயர் மன்னரின் முதன்மைப் படைத்தலைவர் வரை உயர்ந்தது. இங்கிலாந்தில் அது ஊர்க்காவல் வழியாக இறங்கி, நம் ஊர்க் காவல் நிலைய வாசல் வரை வந்து சேர்ந்தது.

‘ஸ்டூவர்ட்’ கதை இன்னும் பெரியது. வீட்டை, கூடத்தைக் காப்பவன் என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்து மன்னரின் வீட்டு நிர்வாகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த ஒரு குடும்பம் அந்தப் பதவியையே குடும்பப் பெயராக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தில் பிறந்த இரண்டாம் ராபர்ட் 1371இல் ஸ்காட்லாந்தின் அரசரானார். 1603இல் அதே வம்சம் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறியது. ஸ்டூவர்ட் வம்சம் என்று வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்ததன் வேர், ஒரு வீட்டுக் காரியக்காரரின் வேலைப்பெயர்.

பக்கத்தில் நிற்பதன் பலத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் ‘க்ரூம்’. அதற்கும் முதற்பொருள் பையன், ஏவலாள். பின்னர்தான் குதிரை தேய்ப்பவனுக்கு என்று ஆனது. (மாப்பிள்ளையைக் குறிக்கும் பிரைட்க்ரூமில் வரும் க்ரூம் வேறு; ஆண் என்று பொருள்படும் ‘குமா’ என்ற சொல் மருவியது.) எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் க்ரூம் ஆஃப் த ஸ்டூல் என்று ஒரு பதவி இருந்தது. மன்னர் மலம் கழிக்க உட்காரும் மூடிவைத்த இருக்கைக்குப் பொறுப்பாளர். கேட்டால் முகம் சுளிப்போம். ஆனால் மன்னர் தனியாக இருக்கும் நேரத்தில் அவர் காதோடு பேசக்கூடிய ஆள் அவர் என்பதால், பிரபுக் குடும்பத்தினர் அந்த இடத்துக்குப் போட்டி போட்டார்கள். அந்தப் பக்கத்திலேயே ஆபத்தும் இருந்தது. அப்பதவியில் இருந்த ஹென்றி நாரிஸ், அரசி ஆன் பொலினோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 1536இல் தலை வெட்டப்பட்டார்.

‘மினிஸ்டர்’ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லத்தீனில் அது வேலையாள். குறைவு என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு எதிரே நிற்கும் ‘மாகிஸ்டர்’ மிகுதியிலிருந்து பிறந்தது. மாஸ்டரும் மாஜிஸ்ட்ரேட்டும் அதன் பிள்ளைகள். அரசரின் வேலையாள் அமைச்சரானார், கடவுளின் வேலையாள் போதகரானார். தமிழில் ‘ஊழியக்காரர்’ என்ற சொல் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் எப்படி மரியாதை பெற்றது என்று கவனித்திருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கீழே விழுந்தவை

விழுந்த சொற்களைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ‘வில்லன்’ என்று நாம் சினிமாவில் சொல்கிறோமே, அதன் மூலம் பண்ணை நிலத்தில் கட்டுண்டு உழைத்த ஏழைக் குடியானவன். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. அங்கே பாடுபட்டவன் கெட்டவன் என்று எழுதியவர்கள் அவனைப் பாடுபடவைத்தவர்களின் பக்கத்தில் இருந்தவர்கள். ‘வேலட்’, ‘வார்லட்’ இரண்டும் பழைய பிரெஞ்சில் ஒரே சொல், சிறு பணியாள். எசமானனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, சவரம் செய்துவிடும் தனி ஆளுக்கு வேலட் என்ற பெயர் நிலைத்தது. வார்லட் அயோக்கியனுக்குப் போனது.

அடிமைகளின் சொற்கள் இன்னும் கொடியவை. ‘சர்வன்ட்’ என்பதன் வேர், அடிமையைக் குறிக்கும் லத்தீன் ‘செர்வுஸ்’. ‘ஸ்லேவ்’ என்ற சொல், சிறைபிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் இன மக்களின் பெயரே. பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்ஹ்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்கு அந்நியன் என்றும் பொருள், அடிமை என்றும் பொருள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லால் அழைத்தது யாரை? தங்களுக்கு முன்பே அந்தத் தீவில் குடியிருந்த பிரித்தானியரை. வேல்ஸ், வெல்ஷ் என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. சொந்த மண்ணிலேயே அந்நியன் என்ற பெயரை ஒரு மக்கள் சுமந்தார்கள். 1086இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் பதிவானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை.

இதற்கு நேர்மாறான ஒரு சொல், ‘ஃபேமிலி’. லத்தீனில் ‘ஃபாமுலுஸ்’ என்றால் வேலையாள். ‘ஃபாமிலியா’ என்றால் ஒரு தலைவனுக்கு அடங்கிய வீட்டார் எல்லோரும், முதன்மையாக வேலையாட்கள். இந்தப் பழைய பொருள் ஆங்கிலத்தில் வெகுகாலம் இருந்தது. 1660 ஜனவரி 1இல் தன் நாட்குறிப்பைத் தொடங்கும் சாமுவேல் பீப்ஸ், மனைவி, வேலைக்காரி ஜேன், தான் ஆகிய மூவரைத் தவிரக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதுகிறார். ஜேனும் குடும்பம். இன்று ‘ஃபேமிலி’ என்றால் ரத்த உறவு. அந்தச் சொல்லைத் தொடங்கிவைத்த வேலையாட்களே அதிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டார்கள்.

பெரிய வீட்டின் உள்ளே

இனி நாவல்களுக்குள் வரும் ஆட்களைப் பார்க்கலாம். பழைய பெரிய வீட்டில் அறைகளின் பெயரே வேலையின் பெயர். ‘பேன்ட்ரி’ ரொட்டி வைக்கும் அறை, பிரெஞ்சில் ரொட்டிக்கான சொல்லிலிருந்து. ‘லார்டர்’ உப்பிட்ட பன்றி இறைச்சிக்கானது. ‘பட்டரி’யில் வெண்ணெய்க்கு வேலை இல்லை, அது மதுப் பீப்பாய் வைக்கும் அறை. ‘ஸ்கல்லரி’ பாத்திரம் கழுவும் இடம். ‘பட்லர்’ என்பதன் வேர் புட்டி. மதுப்புட்டிகளின் பொறுப்பாளர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வெள்ளிப் பாத்திரங்களின் சாவியும் அவரிடம். சாவி வைத்திருப்பவர் தலைமை ஆளானதில் வியப்பில்லை.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் ஏணி துல்லியமாகத் தெரியும். பட்லரை எசமானர்கள் குடும்பப் பெயரால் அழைப்பார்கள். பெண் பணியாளர்களுக்குத் தலைவியான ‘ஹவுஸ்கீப்பர்’ கல்யாணமே ஆகாதவராக இருந்தாலும் அவர் பெயருக்கு முன்னால் மிஸஸ் சேரும். ஃபுட்மேனுக்கு வெறும் முதற்பெயர்தான். பல வீடுகளில் அதுகூட அவனுடையது இல்லை. வருகிற ஆள் யாராக இருந்தாலும் முதல் ஃபுட்மேன் ஜேம்ஸ், இரண்டாமவன் ஜான் என்று வீட்டு வழக்கம். பெயரைக்கூடச் சீருடைபோல மாட்டிவிட்டார்கள்.

சீருடை என்றதும் ‘லிவரி’ நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சில் அதன் பொருள், வழங்கப்பட்டது. தொடக்கத்தில் ஆட்களுக்கு அளந்து கொடுத்த உணவும் துணியும் சேர்த்தே லிவரி. பிறகு துணி மட்டும் மிஞ்சியது. ஃபுட்மேன் முதலில் எசமானரின் வண்டியோடு கூடவே காலால் ஓடியவன். பிற்காலத்தில் அவன் வீட்டின் காட்சிப்பொருளானான். உயரம் ஒத்த இருவராகப் பார்த்து எடுத்தார்கள், பொத்தான் வைத்த கோட்டும் தலையில் வெள்ளைப் பொடியுமாக நிறுத்தினார்கள். அமெரிக்கப் போர்ச் செலவுக்காக 1777இல் அரசு ஆண் வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், வரி விதித்தது. 1795இல் தலைப்பொடிக்கும் ஒரு கினி வரி வந்தது. வேலைக்கார வரி 1937 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. பெண்களை வைத்துக்கொள்வது மலிவு என்று ஆனதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு.

எண்ணிக்கையில் பெரும்பான்மை பெண்கள்தான். 1901 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். வேறெந்தத் தொழிலிலும் அத்தனை பெண்கள் இல்லை. நாவலில் வரும் பெரிய மாளிகையை வைத்து இவர்களைக் கற்பனை செய்தால் தவறிவிடுவோம். மிகப் பலர் ஒரு சின்ன வீட்டின் ஒரே வேலைக்காரி. அவளுக்கு ‘மெய்ட் ஆஃப் ஆல் வொர்க்’ என்று பெயர். 1861இல் வெளிவந்த புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலில் இசபெல்லா பீட்டன், வேலைக்காரர்களிலேயே இரக்கத்துக்குரியவள் இவள்தான் என்று எழுதினார்.

இந்த வேலையைச் செய்த ஒருத்தி நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஹான்னா கல்விக், 1833இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். 1860 ஜூலையில் ஒரு நாள் அவர் செய்தவை: சன்னல் கதவுகளைத் திறந்து அடுப்படியில் தீ மூட்டினார். கரியைக் கொண்டுபோய்க் கொட்டினார். அறைகளையும் கூடத்தையும் பெருக்கித் தூசி தட்டினார். கணப்பை ஒழுங்குசெய்து காலை உணவை மேலே கொண்டுபோனார். இரண்டு ஜோடி பூட்ஸ் துடைத்தார். படுக்கை விரித்து, இரவுக் கழிவுநீரைக் கொட்டினார். இரண்டு வாத்துகளின் குடலெடுத்துச் சுட்டார். முழங்காலில் நின்று வாசற்படியைத் தேய்த்தார். இன்னும் நீள்கிறது. தன்னிரக்கம் ஒரு வரி இல்லை. செய்த வேலை மட்டும். சர்வன்ட் என்ற சொல்லின் எடையை எந்த அகராதியையும்விட இந்தப் பட்டியல் எனக்குச் சொல்லித்தந்தது.

சின்னச் சொற்கள் சிலவற்றையும் அறிந்துவைத்தால் படிக்கும்போது உதவும். ‘ட்வீனி’ சமையலறைக்கும் மேல்வீட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஓடும் பெண். ‘அபிகெய்ல்’ என்றால் சீமாட்டியின் தனித் தோழி வேலைக்காரி. விவிலியத்தில் தாவீதிடம் தன்னைப் பணிவிடைக்காரி என்று சொல்லிக்கொள்ளும் அபிகாயிலின் பெயர் அது. 17ஆம் நூற்றாண்டு நாடகம் ஒன்றில் வரும் பணிப்பெண்ணுக்கு அந்தப் பெயர் வைத்த பிறகு பொதுப்பெயராகப் பரவியது. ‘சார்வுமன்’ வீட்டோடு தங்காமல் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் பெண். இதில் வரும் ‘சார்’ பழைய ஆங்கிலத்தில் திருப்பம், முறை. ஒவ்வொருவர் முறைக்கும் வரும் வேலை என்பதால், வீட்டு வேலையைக் குறிக்கும் ‘சோர்’ என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. சென்னைக் குடித்தனங்களில் ‘முறைவாசல்’ தெளித்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் புரியவைக்க ஒரு நொடி போதும்.

வேலை தேடும் சொற்கள்

வேலைக்கு ஆள் எடுக்க இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஆண்டுக்கொரு சந்தை கூடும். ‘மாப் ஃபேர்’ என்று பெயர். அவரவர் தொழில் அடையாளத்தோடு வரிசையில் நிற்பார்கள்: இடையன் கம்பளி நூலோடு, வீட்டு வேலைக்கு வரும் பெண் தரை துடைக்கும் மாப்போடு. பேச்சு முடிந்ததும் எசமானர் கையில் ஒரு காசை வைப்பார். நம் அச்சாரம்தான். காசு கைமாறினால் ஓராண்டுக்குக் கட்டுப்பட்டாகிவிட்டது. போன இடம் கொடுமையாக இருந்தால் சில நாள் கழித்துக் கூடும் ‘ரன்அவே மாப்’ சந்தையில் மறுபடி வந்து நிற்கலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் அக்டோபர் மாதம் இந்த இரண்டு சந்தைகளும் இன்றும் கூடுகின்றன, இப்போது ராட்டினங்களோடு.

நாவலில் ஒரு பெண் தன் ‘கேரக்டர்’ போய்விட்டது என்று அழுதால், நடத்தை கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு எண்ணிவிடக்கூடாது. அது பழைய எசமானி எழுதித் தரும் நற்சான்றுக் கடிதம். அது இல்லாமல் அடுத்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. பொய்ச் சான்று தருவதைக் குற்றமாக்கி 1792இல் சட்டம் வந்தது. ஆனால் சான்று தந்தே தீர வேண்டும் என்ற கடமை எந்த எசமானருக்கும் இல்லை. ஒரு மனுஷியின் பிழைப்பு முழுவதும் இன்னொருத்தி எழுத மறுக்கக்கூடிய ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளுக்குக் குணம் என்றே பெயர் வைத்தது, அந்த ஏற்பாட்டிலேயே எனக்குப் பொறுக்காத பகுதி.

‘ஃபாலோயர்’ என்றால் வேலைக்காரியைப் பார்க்க வரும் காதலன். ஃபாலோயர் கூடாது என்று விளம்பரத்திலேயே போடுவார்கள். ‘வெயில்ஸ்’ (vails; நாட்டின் பெயரான வேல்ஸ் வேறு) என்பது விருந்தாளி கிளம்பும்போது வாசலில் வரிசையாக நிற்கும் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் இனாம். ‘பெர்க்விசிட்’ என்பது வேலையோடு ஒட்டி வரும் உரிமை: எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டு, இறைச்சி சுடும்போது வடியும் கொழுப்பு, சீமாட்டி உடுத்திக் கழித்த ஆடை. இன்று அலுவலகங்களில் பெர்க்ஸ் என்று சொல்வது இதன் குறுக்கம்.

சென்னைக்கு வந்தபோது இந்தச் சொற்கள் இன்னொரு முறை மாறின. இங்கே பட்லர் வெள்ளைக்காரர் வீட்டின் மற்ற ஆட்களுக்குத் தலைவர். கடைக்கணக்கும் சமையலும் அவர் பொறுப்பு. அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்கு பட்லர் இங்கிலீஷ் என்று பெயர் வந்தது. 1886இல் வெளியான ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அதைச் சென்னை மாகாணத்துக்குரியது என்று பதிவுசெய்கிறது. ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்வேன், ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லியாயிற்று. கேலிக்காகவே பல காலம் மேற்கோள் காட்டப்பட்ட வாக்கியங்கள் இவை. எனக்கு அதில் கேட்பது, பள்ளிக்கூடம் கிடைக்காத ஒருவர் காதால் மட்டும் ஒரு மொழியைப் பிடித்து, தனக்கென்று ஓர் ஒழுங்கோடு அதை நடத்திய திறமை.

‘ஆயா’ போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். இங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. வெள்ளைக்காரக் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொண்டு போன ஆயாக்களில் பலர் லண்டன் சேர்ந்ததும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள், திரும்பி வரக் காசில்லாமல். அவர்கள் தங்குவதற்கென்றே ஆயாஸ் ஹோம் என்ற விடுதி அங்கே இருந்தது. 1900 முதல் அது லண்டனின் ஹாக்னிப் பகுதியில் இயங்கிய வீட்டின் சுவரில் 2022இல் நீல நினைவுத் தகடு பதித்தார்கள்.

கடைசியாக ஒரு சொற்றொடர். பழைய ஆங்கிலக் கடிதங்கள் ‘யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்று முடியும்: தங்கள் கீழ்ப்படிதலுள்ள வேலைக்காரன். யாருக்கும் வேலைக்காரராக இல்லாத பிரபுக்களும் அப்படித்தான் முடித்தார்கள்; மாவட்டங்களை ஆண்ட கலெக்டர்கள் மேலிடத்துக்கு எழுதியதும் அப்படித்தான். அலுவலகத்திலிருந்து அது பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தது. வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்புக் கடிதம் எழுதிய நாட்களில், கோடு போட்ட தாளின் அடியில் வலப்பக்கமாக நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம்: இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.